தியானப் புத்தகத்தை நிறுத்தாதீர்கள்: எங்கள் சபைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், சபைக் குழுவின் மூப்பர்களுக்கும், பொருளாளருக்கும்,

போன மாதம் ஆராதனை முடிவில் ஓர் அறிவித்தல் வாசிக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபை வரவழைத்துக் கொடுத்த, நாளுக்கொரு பக்கமாக வசனமும் விளக்கமும் ஜெபமும் உள்ள அனுதின தியானப் புத்தகம் இனி வராது. அதற்குப் பதிலாகத் தினமும் காலை ஐந்து மணிக்குச் சபையின் வட்சப் குழுவில் ஒரு வசனம் போடப்படும். மற்றபடி விசுவாசிகள் வேதாகமத்தை நேரடியாக வாசித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் சொல்லப்பட்டது. முடிவெடுக்கும் முன் சபையாரிடம் கேட்கவில்லை, மாதர் ஐக்கியத்திடம் கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் காசு சேர்த்துவரும் எங்களிடமும் கேட்கவில்லை.

பிறகு நான் நேரில் வந்து பேசினேன். "முடிவெடுத்தாயிற்று" என்பதுதான் பதில். மாவட்டத்தில் வேறு சில சபைகளிலும் இதே யோசனை இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஆகவேதான் குழுவுக்கு மட்டும் கொடுக்கவேண்டிய கடிதத்தை எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, செலவு. மற்றது, தியானப் புத்தகம் விசுவாசிகளைச் சோம்பேறிகளாக்குகிறது, வேதாகமம் இருக்க அது எதற்கு என்பது.

செலவை நான் விளங்கிக்கொள்கிறேன். 2022 இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்ட நாடு இது. அந்த வருடம் புத்தகம் குறைவாக வந்தபோது யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரே பிரதியை இரண்டு மூன்று வீடுகள் மாறிமாறி வாசித்தோம். காலையில் ஒரு வீடு, பின்னேரம் அடுத்த வீடு. அப்போதுகூட நிறுத்தாத ஒன்றை இப்போது நிறுத்துகிறீர்கள். சபையின் கணக்கு வருடாந்தக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கப்படுகிறது. ஒலிபெருக்கிக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஆன செலவுக்குப் பக்கத்தில் இந்தப் புத்தகத்தின் செலவை வைத்துப் பார்க்கும்படி பொருளாளரைக் கேட்கிறேன். அதோடு, புத்தகத்தின் விலையில் பெரும் பகுதியை வாங்குகிறவர்களே தருகிறார்கள். சபையின் கையிலிருந்து போவது கொடுக்க முடியாத குடும்பங்களின் பங்கு மட்டும்தான்.

ஆனால் எனக்கு உண்மையில் வலித்தது இரண்டாவது காரணம். புத்தகம் வந்த பிறகு சனம் வேதாகமத்தைத் திறக்கிறதில்லை என்று குழுவில் ஒருவர் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. மேலே அச்சடித்த ஒற்றை வசனத்தைப் பார்த்து, கீழே உள்ள கதையை வாசித்து, கடைசியில் இருக்கும் ஜெபத்தை முணுமுணுத்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவர்கள் எங்கள் சபையில் இருக்கிறார்கள். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தினமும் கடவுளோடு தனித்திருந்து வாசித்து ஜெபிக்கும் அமைதி நேரம் இது ஆகாது. சரி, அப்படியென்றால் அவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் மாற்று என்ன? ஒரு படத்தில் ஒரே ஒரு வசனம். ஒரு பக்கம் வாசிப்பதால் சோம்பல் வருகிறது என்று சொல்லிவிட்டு அந்த ஒரு பக்கத்தையும் எடுத்து ஒரு வரியாகச் சுருக்கினால் சோம்பல் எப்படிப் போகும்? புத்தகத்திலாவது "இன்று வாசிக்க" என்று ஓர் அதிகாரம் போட்டிருக்கும். வட்சப் படத்தில் அதுவும் இல்லை.

இதுவரை அந்த வட்சப் குழுவில் வந்த வசனங்களை வரிசையாகத் திருப்பிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே வாக்குத்தத்தங்கள். பாவத்தை உணர்த்தும் வசனம் இல்லை. கண்டித்துப் பேசும் ஆமோஸ் இல்லை, அழுது எழுதிய புலம்பல் இல்லை. இருளோடு முடிகிற 88 ஆம் சங்கீதமும் இல்லை. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று வருகிறது. அதற்கு முந்திய வசனத்தில் பவுல் பட்டினியையும் குறைவையும் பற்றிப் பேசுகிறார் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவே வழியில்லை.

திரும்பத் திரும்ப வருகிறது எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வசனம். எல்லாருக்கும் பிடித்த வசனம், எனக்கும்தான். ஆனால் தியானப் புத்தகத்தில் இது வந்தபோது வாசிக்கும் பகுதி எரேமியா 29:1 முதல் 14 வரை என்று போட்டிருந்தது. திராய்மடுவில் இருக்கும் எங்கள் சபைக் குடும்பம் ஒன்றின் வீட்டில் அன்று அதைச் சேர்ந்து வாசித்தோம். சுனாமிக்குப் பிறகு நாவலடியிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். சொந்த இடம் போய், கடற்கரை போய், பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர்கள். எரேமியா அந்தக் கடிதத்தை எழுதியது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட சனத்துக்கு. அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். எழுபது வருஷம் ஆகும் என்றும் சொல்லிவிடுகிறார். பதினோராம் வசனம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த வீட்டுத் தாய் எழுபது என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். அவருடைய வயதுக்கு அதன் அர்த்தம் என்னவென்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்ப நாங்க இங்கயே மரம் வைக்கத்தான் வேணும்" என்றார். கடவுள் எல்லாவற்றையும் நாளைக்கே திருப்பித் தருவார் என்ற எண்ணத்தோடு அந்த வசனத்தை இத்தனை வருடம் மனப்பாடமாகச் சொல்லிவந்தவர் அவர். பகுதி முழுவதையும் வாசித்த அன்று அவருக்குக் கிடைத்தது வேறொரு ஆறுதல். எனக்குத் தெரிந்தவரை அது அதிகம் தாங்கக்கூடிய ஆறுதல்.

போதகர் ஐயா, ஒரு படத்தில் வரும் ஒற்றை வசனம் இதைச் செய்யாது. அந்தத் தாயைப் பதினோராம் வசனத்திலேயே விட்டுவிட்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பை இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஊரடங்கு போட்டார்கள். ஆராதனைகள் நின்றன. வீட்டுக்குள் இருந்த எங்களுக்கு ஜெபத்தில் என்ன சொல்வதென்றே வரவில்லை. வேதாகமத்தைக் கையில் எடுத்தால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியவில்லை. அந்தக் கிழமைக்குப் புத்தகத்தில் இருந்த பகுதி லூக்கா 24, உயிர்த்த இயேசு துக்கத்தோடு போன இரண்டு சீஷரோடு சேர்ந்து நடந்த எம்மாவு வழி. குண்டு வெடிப்பதற்குப் பல மாதங்களுக்கு முன், எங்கேயோ இருந்த யாரோ, உயிர்த்தெழுதலுக்கு அடுத்த நாட்களுக்கு என்று குறித்துவைத்த பகுதி. "நீங்கள் துக்கமுகமுள்ளவர்களாய் வழிநடந்து" என்று ஆண்டவர் கேட்கும் இடத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் அழுதோம். எந்தப் பகுதி என்று எங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் பழிவாங்கும் சங்கீதத்தைத் தேடியிருப்போம், இல்லாவிட்டால் ஒன்றையும் வாசிக்காமல் இருந்திருப்போம். 2020 இல் கொரோனா ஊரடங்கிலும் அப்படித்தான், ஆலயக் கதவு பூட்டியிருந்த எல்லா நாளும் அந்தப் புத்தகம் மேசையில் இருந்தது. என் மனநிலை எப்படி இருந்தாலும் இன்றைக்கு இதை வாசி என்று சொல்லும் ஒழுங்கு அதில் இருக்கிறது. இதன் பெறுமதி நல்ல நாட்களில் தெரியாது.

"எங்கள் முன்னோர் தியானப் புத்தகமா வைத்திருந்தார்கள், வேதாகமம் ஒன்றுதானே" என்று ஒரு மூப்பர் கேட்டார். மரியாதையோடு சொல்கிறேன் ஐயா, அது சரியில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற கிராமத்தில் மொரேவியச் சபையார் 1728 இலேயே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேதவார்த்தையை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லத் தொடங்கினார்கள். 1731 இலிருந்து அது வருடாவருடம் புத்தகமாக அச்சாகி இன்றுவரை வருகிறது. எங்கள் மட்டக்களப்புக்கு வாருங்கள். 1814 இல் வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே ஒரு வருடம்கூட உயிரோடிருக்கவில்லை. அதற்குள் அவர் செய்த வேலை பள்ளிக்கூடங்கள் திறந்தது. இந்த மண்ணில் மெதடிஸ்த ஊழியம் தொடங்கியதே வாசிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டுதான். வாசிப்புக்குத் துணை தேவை என்பதை வேதாகமமே சொல்கிறது. இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு, விளங்குகிறதா என்று கேட்டபோது, "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்றான். பிலிப்பு ஏறி அவனோடு உட்கார்ந்தான். "வேதாகமம் உன் கையில் இருக்கிறதே, நீயே வாசித்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஆகவே புத்தகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று சபைக்குக் கற்றுக்கொடுங்கள். மாதர் ஐக்கியத்தில் நாங்கள் செய்துவந்தது இதுதான். முதலில் புத்தகத்தில் குறித்த பகுதியை வேதாகமத்திலேயே திறக்க வேண்டும். புத்தகத்தின் விளக்கத்தை அதுவரை ஒரு தாளால் மூடி வைக்க வேண்டும். பகுதியை இரண்டு தரம், ஒரு தரமாவது வாய்விட்டு, வாசிக்க வேண்டும். இதில் கடவுளைப் பற்றி என்ன தெரிகிறது, இன்றைக்கு என்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்று ஒரு கொப்பியில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம். அதற்குப் பிறகுதான் தாளை எடுத்து விளக்கத்தை வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் ஒரு கேள்வி கட்டாயம்: இந்த விளக்கம் நாங்கள் வாசித்த பகுதியோடு ஒத்துப்போகிறதா? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தியானப் புத்தகம் எழுதுகிறவர் பவுலைவிடப் பெரியவர் இல்லையே.

இதனால் என்ன நடந்தது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். யாரோ இலவசமாகக் கொண்டுவந்து தந்த வேறொரு புத்தகத்தில், காணிக்கை கூடக் கொடுத்தால் கடன் தீரும், வாகனம் வரும் என்று எழுதியிருந்தது. ஆதாரமாகக் காட்டியது 2 கொரிந்தியர் 9 ஆம் அதிகாரம், பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான் என்ற வசனம். எங்கள் ஐக்கியத்தில் கிழமைக்குக் கிழமை நுண்கடன் லோன் காசு கட்டும் பெண்கள் இருக்கிறார்கள். கட்ட முடியாத கிழமையில் லோன்காரர் வரும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவர்கள். அவர்களில் ஒருவர்தான் எட்டாம் அதிகாரத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்து, "இது எருசலேமில கஷ்டப்பட்ட சனத்துக்குச் சேர்த்த காசெல்லோ" என்று கண்டுபிடித்தார். பாடசாலையை இடையில் விட்ட பெண். அந்த நேரம் எங்கள் முன்னால் எந்தப் போதகரும் இல்லை. பகுதியை முழுவதும் வாசிக்கும் பழக்கம் அவரை அந்த ஏமாற்றிலிருந்து காப்பாற்றியது. இப்போது வட்சப்பில் வரும் படங்கள் யார் செய்தவை, எங்கிருந்து வருகின்றன என்று குழுவில் யாருக்காவது தெரியுமா? நான் கேட்டேன். "வந்ததை அனுப்புகிறோம்" என்றார்கள். சபையின் பெயரில் போவதை இப்படி அனுப்புவது மந்தைக்குப் பாதுகாப்பில்லை.

போனை நான் எதிர்க்கிறேன் என்று நினைக்கவேண்டாம். எங்கள் சபையில் ஒரு குடும்பத்தில் தாய் குவைத்தில் வீட்டு வேலை, பிள்ளை இங்கே அம்மம்மாவோடு. அந்த அம்மம்மா புத்தகப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்வார், பேத்தி அனுப்பும். இரண்டு நாட்டில் இருக்கும் மூன்று பேரும் அன்று ஒரே பகுதியை வாசிக்கிறார்கள். போன் இப்படி உதவட்டும். ஆனால் பல வீடுகளில் இருக்கும் ஒரே போன் பிள்ளையின் படிப்புக்கும் வெளிநாட்டு அழைப்புக்கும் உரியது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயலோடு இருக்கும் எங்கள் குடும்பங்களுக்கு டேட்டா ஒரு பிரச்சினை, சிக்னல் இன்னொரு பிரச்சினை. வட்சப் குழுவில் காலை வசனம் வந்த சற்று நேரத்தில் அதன்மேல் மரண அறிவித்தல், இரத்தம் தேவை, பஸ் நேரம் என்று எல்லாம் வந்து குவிகிறது. வயதானவர்களுக்குப் போனில் எழுத்துத் தெரிவதும் இல்லை. புதிய காலாண்டு தொடங்கி நான் வெறுங்கையோடு போனபோது ஒரு மூதாட்டி கேட்டார்: "ஏன்கா மகள், இந்த முறை புத்தகம் வரல்லியா? மறுகா நான் விடிய எழும்பி என்னத்த வாசிக்கிற?" அவருக்கு நான் சொன்ன எந்தப் பதிலும் பதிலாக இருக்கவில்லை. அந்தப் பதிலை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

வந்துகொண்டிருந்த புத்தகத்தில் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். பனிமழையும் நெடுஞ்சாலைப் பயணமும் நாங்கள் பார்த்திராத விளையாட்டுகளும்தான் அதன் உதாரணங்கள். மொழிபெயர்த்த தமிழ் சில இடங்களில் இரண்டு தரம் வாசித்தாலும் விளங்காது. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் அதைத் தொடமாட்டார்கள். இந்தக் குறைக்கு மருந்து புத்தகத்தை ஒழிப்பது இல்லை, நாங்களே எழுதத் தொடங்குவது. இரா முழுவதும் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்ற சீமோனின் வார்த்தையைப் பற்றி எழுத, விடிய வெறும் வலையோடு கரைக்கு வரும் எங்கள் ஆட்களைவிடத் தகுதியானவர் யார்? முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிர்செய்கிறவனைப் பற்றி யாக்கோபு எழுதியதை, வயல் வட்டையில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் ஒருவர் எழுதினால் நான் முதல் ஆளாக வாசிப்பேன். 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட மூத்தவர்கள் எங்கள் மத்தியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லச்சொல்ல வாலிபர் எழுதி எடுக்கலாம். இதை இப்போது செய்யாவிட்டால் அவர்கள் போனபிறகு செய்ய முடியாது.

குழுவிடம் நான் கேட்பவை இவை.

நிறுத்தும் முடிவை உடனே இடைநிறுத்தி, அடுத்த சபைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வையுங்கள். அந்தக் கூட்டம் வரும்வரை அடுத்த காலாண்டுக்கான புத்தகங்களுக்கு வழக்கம்போல ஓடர் கொடுங்கள், நாள் தப்பினால் மூன்று மாதம் தப்பிவிடும். காசு கொடுக்கக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியலை எந்த நேரமும் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். முடியாத குடும்பங்களுக்காகக் காலாண்டுக்கு ஒரு ஞாயிறு தனிக் காணிக்கை எடுங்கள்.

எந்தப் புத்தகத்தை வரவழைப்பது என்று தீர்மானிக்க மூன்று பேரை நியமியுங்கள். அதில் ஒருவர் மாதர் ஐக்கியத்திலிருந்தும் ஒருவர் வாலிபரிலிருந்தும் வரவேண்டும். ஒற்றை வசனப் புத்தகங்கள் வேண்டாம், வேதாகமப் பகுதியை ஒழுங்காக வாசிக்கவைக்கும் புத்தகமாக இருக்கட்டும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, பிரசங்கத்துக்கு முன் பத்து நிமிடம், அமைதி நேரத்தை எப்படி நடத்துவது என்று போதகர் ஐயா நீங்களே சபைக்குச் செய்துகாட்டுங்கள். நாங்கள் சொன்னால் கேட்காதவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

வட்சப்பில் படம் போடுவதை நிறுத்திவிட்டு, அன்றைய பகுதி முழுவதையும் யாராவது வாசித்துக் குரல்பதிவாக அனுப்புங்கள். கண் தெரியாதவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அது உதவும். வாசிக்க வாலிபர்கள் முன்வருவார்கள் என்று அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அதோடு, மூத்தவர்களுக்குப் பெரிய எழுத்தில் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுக்கப் புத்தகம் வெளியிடுகிறவர்களிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு நாட்களான வருகிற லெந்து காலத்தில் ஒரு கிழமைக்கு மட்டும், எங்கள் சபையார் எழுதிய தியானங்களை அச்சிட்டுக் கொடுக்க அனுமதி தாருங்கள். எழுதியதைப் போதகர் ஐயா பார்த்துத் திருத்தட்டும். அச்சுச் செலவை மாதர் ஐக்கியம் ஏற்கும்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்குள், முடிவை அறிவித்த அதே இடத்தில், சபையார் எல்லாரும் கேட்கும்படி பதிலைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லை என்றால் காரணத்தையும் சொல்லுங்கள்.

கிறிஸ்துவில்,
ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவர்,
மட்டக்களப்பு